மின் பட்டறை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: நான் படிவம் நான்கு மாணவன். எங்கள் லயத்து வீட்டில் குளியலறை பின்கட்டில் இருக்கிறது. பாட்டி இரவில் எழுந்து போனால் லைட்டை அணைக்க மறந்துவிடுவார், விடிய விடிய எரியும். பட்டனை அமுக்கினால் நாலு நிமிடம் எரிந்து தானாக அணைகிற மாதிரி நானே செய்ய முடியுமா? சால்டரிங் இப்போதுதான் பழகுகிறேன்.
(மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. ஆனால் 230 வோல்ட் பக்கமே போகாதீர்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும் 12 வோல்ட் எல்இடி பட்டை அரை மீட்டரும் வாங்குங்கள். அடாப்டர் வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் இருக்கட்டும். பின்கட்டுக்குப் போகிற வயரில் 12 வோல்ட் மட்டும் ஓடினால், பாட்டி ஈரக் கையோடு பட்டனைத் தொட்டாலும் பயமில்லை.

நாலு நிமிடம் போதாது. வயதானவர் உள்ளே இருக்கும்போது லைட் அணைந்தால் ஈரத் தரையில் வழுக்கி விழுவார். கரண்டு மிச்சமாவதைவிட அது முக்கியம். ஏழு நிமிடம் வையுங்கள். நாம் பயன்படுத்தப்போகிற 555 என்ற டைமர் ஐசியில், லைட் எரிந்துகொண்டிருக்கும்போது மறுபடி அமுக்கினால் நேரம் நீளாது, அணைந்த பிறகு அமுக்கினால்தான் புதிதாகத் தொடங்கும். அதனால் வாசலில் ஒரு பட்டன், உள்ளே கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு பட்டன், இரண்டையும் பக்க இணைப்பாக (பேரலல்) இணைத்துக் கொடுங்கள்.

இதற்கு 555 ஐசி போதும். ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தது. இன்றைக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையான ஐசி கிடையாது. உள்ளே நடப்பது எளிது: கெப்பாசிட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியே மெதுவாக நிரம்புகிறது. சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 12க்கு 8 வோல்ட்டைத் தொட்டதும் லைட் அணைகிறது. நேரம் = 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர். 470 மைக்ரோஃபேரட்டோடு 330 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 500 கிலோ ஓம் பிரீசெட்டையும் (திருப்பி அளவை மாற்றுகிற ரெசிஸ்டர்) வரிசையாகப் போட்டால், பிரீசெட்டைத் திருப்பி ஏறக்குறைய 2 நிமிடம் 50 விநாடியிலிருந்து 7 நிமிடம் 9 விநாடி வரை வைக்கலாம். இது கணக்கு மட்டும்தான். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எழுதியிருக்கும் அளவுக்கு 20 சதவீதம் கூடலாம், குறையலாம். கடிகாரத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

555இன் எட்டுக் கால்களை (பின்) எண்படி இணைக்கும் விதம்: 1 மைனஸுக்கு, 8 பிளஸுக்கு. 6ஐயும் 7ஐயும் ஒன்றாகக் கட்டி, அங்கிருந்து 470 மைக்ரோஃபேரட் (25 வோல்ட்) மைனஸுக்கும், மேலே சொன்ன ரெசிஸ்டரும் பிரீசெட்டும் பிளஸுக்கும். 2இலிருந்து 10 கிலோ ஓம் பிளஸுக்கு, பட்டன்கள் மைனஸுக்கு. 5இலிருந்து 0.01 மைக்ரோஃபேரட் மைனஸுக்கு. 4ஐ நேராக பிளஸில் கட்டிவிடாதீர்கள்: 10 கிலோ ஓம் பிளஸுக்கு, 10 மைக்ரோஃபேரட் மைனஸுக்கு. இல்லாவிட்டால் கரண்டு போய் வரும்போதெல்லாம் யாரும் அமுக்காமலே லைட் ஏழு நிமிடம் எரியலாம். ஐசியை ஒட்டி 8க்கும் 1க்கும் இடையே 100 மைக்ரோஃபேரட் ஒன்று, 0.1 மைக்ரோஃபேரட் ஒன்று.

3வது காலில் எல்இடி பட்டையை நேரடியாக மாட்டக் கூடாது. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள சிறிய 3528 பட்டை, அரை மீட்டருக்கு 0.2 ஆம்பியர் இழுக்கும். 555இன் எல்லையும் அதுவே. அதனால் பட்டைக்குச் சுவிட்ச் போல வேலை செய்ய ஐஆர்எஃப்இசட்44என் (IRFZ44N) மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஒன்று போடுங்கள். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். 3வது காலிலிருந்து 100 ஓம் கேட்டுக்கு. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம். சோர்ஸ் மைனஸுக்கு, பட்டையின் மைனஸ் டிரெயினுக்கு, பட்டையின் பிளஸ் நேராக 12 வோல்ட்டுக்கு. பட்டையைக் கோடு போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். முதலில் பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பற்றவையுங்கள்.

பெரும்பாலும் வருகிற கோளாறு ஒன்று: லைட் எரியும், அணையவே அணையாது. ஐசியைச் சந்தேகப்பட்டு மாற்றுவார்கள், பயன் இருக்காது. மல்டிமீட்டரை 6வது காலில் வைத்து வோல்ட் ஏறுவதைப் பாருங்கள். 3, 4, 5 என்று ஏறி, 6.2இல் நின்று அசையாமல் இருந்தால் கெப்பாசிட்டர் கசிகிறது என்று பொருள். 8 வோல்ட்டை நெருங்கும்போது 830 கிலோ ஓம் வழியே வருவது 5 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. கசிவு அதற்குச் சமமானால் வந்ததெல்லாம் ஓடிப்போகும், குடம் நிறையாது. கடையில் நாள்பட்டுக் கிடந்த கெப்பாசிட்டரை 1 கிலோ ஓம் வழியே 12 வோல்ட்டில் அரைமணி நேரம் மாட்டிவைத்தால் கசிவு குறையும். குறையாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

நம் ஊர் ஈரமும் இதே வேலையைச் செய்யும். சால்டரிங் செய்தபின் போர்டில் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் பசையில் ஈரம் ஏறினால், பெரிய ரெசிஸ்டர் பக்கத்தில் கசிவு வழி உண்டாகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். போர்டை வைக்கும் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோனால் அடையுங்கள், இல்லையென்றால் எறும்பு குடியேறிவிடும்.

கேள்வி: இதே மாதிரி ஒன்று செய்தேன். ஐஸ்பெட்டி ஓடத் தொடங்கும்போதெல்லாம் லைட் தானாக எரிகிறது. பட்டன் வயர் ஆறு மீட்டர் இருக்கும்.
(வாசகி, பீடோர்)

பதில்: ஆறு மீட்டர் வயர் ஏரியல் போல வேலை செய்கிறது. ஐஸ்பெட்டி மோட்டார் கிளம்பும்போது வருகிற மின் அதிர்வை அது பிடித்து 2வது காலுக்குக் கொடுக்கிறது. அந்தக் கால் 4 வோல்ட்டுக்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலே பட்டனை அமுக்கியதாக எடுத்துக்கொள்ளும். 2வது காலில் உள்ள 10 கிலோ ஓமை 4.7 கிலோ ஓமாக மாற்றுங்கள். ஐசியை ஒட்டியே 2க்கும் மைனஸுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபேரட் வையுங்கள், பட்டன் பக்கத்தில் வைத்தால் பலனில்லை. பட்டனுக்குப் போகும் இரண்டு வயரையும் முறுக்கி, 230 வோல்ட் வயரிலிருந்து தள்ளி இழுங்கள்.

கேள்வி: வாசல் லைட் இரவு முழுக்க எரிந்து காலையில் அணைய வேண்டும். 555ஐ வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்ட முடியுமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் போனாலே மேலே சொன்ன கசிவு தகராறு செய்யும். அரைமணி, ஒருமணி என்றால் சிடி4060 நல்லது. துடிப்புகளை எண்ணுகிற ஐசி அது. 3வது கால் 8192 துடிப்புக்குப் பிறகு மாறும். துடிப்பு ஒன்றுக்கு 0.22 விநாடி வைத்தால் அரைமணி நேரம், அதற்குச் சின்ன கெப்பாசிட்டரே போதும்.

உங்களுக்குத் தேவை பிளக்கில் மாட்டுகிற 24 மணி நேர டைமர். நம் நாட்டில் இது வசதியும்கூட. தீபகற்ப மலேசியாவில் வருடம் முழுக்கப் பொழுது சாய்வதும் விடிவதும் ஏழிலிருந்து ஏழரை மணியை ஒட்டியே நடப்பதால், ஒருமுறை 7க்கு வைத்தால் மாதாமாதம் மாற்ற வேண்டியதில்லை. பிளக் இல்லாமல் சுவரோடு வயர் இழுத்த லைட் என்றால், அந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். சுற்றும் டயல் உள்ள டைமர், கரண்டு போனால் அப்படியே நின்றுவிடும். இடி மழையில் இரண்டு மணி நேரம் கரண்டு இல்லாமல் போனால், அடுத்த நாள் லைட் ஒன்பது மணிக்குத்தான் எரியும். டயலை அன்றே சரியான மணிக்குத் திருப்பி வையுங்கள்.