உங்கள் மகள் மயங்கியது பிரபலத்தைப் பார்த்து அல்ல

விடுமுறையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த உங்கள் மகள், இன்ஜினியரிங் வேண்டாம், இந்த வேலைதான் வேண்டும் என்கிறாள். பிரபல விளையாட்டு வீரர் ஒருவரை நேரில் பார்த்த மயக்கம் இது, கொஞ்ச நாளில் தெளிந்துவிடும் என்று நான் சொல்ல வேண்டும் என எதிர்பார்த்து வந்தீர்கள். சொல்ல மாட்டேன். அவளோடு தனியாகப் பேசிய பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் வந்தபோது என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒரு காலை ஊன்ற முடியாமல் நடந்தார் மேடம். லிஃப்டுக்குப் பக்கத்து அறையாக மாற்றித் தரலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன்" என்றாள். செல்ஃபி எடுக்கவில்லை. அவர் யார் என்று உங்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பிரபல மோகம் பிடித்த பிள்ளை வாயைத் திறந்ததும் சொல்வது அந்தப் பெயரைத்தான். இவள் கவனித்தது அவருடைய காலை.

சரி, இந்தக் குணத்துக்கு எங்கே மதிப்பு? வழக்கமான படிப்புகளை ஊரே உங்களுக்குச் சொல்லிவிட்டது, நான் அவற்றுக்குள் போகவில்லை. பெரிய ஓட்டல்களில் கான்சியர்ஜ் என்றொரு பதவி உண்டு. விருந்தினருக்கு நள்ளிரவில் டாக்டர் வேண்டுமா, விற்றுத் தீர்ந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வேண்டுமா, தொலைந்த பெட்டியைத் தேட வேண்டுமா, எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். புகழ்பெற்றவர்கள் பலர் வேறு பெயரில் தங்குவார்கள். போனில் யார் கேட்டாலும் அவர் இருக்கிறார் என்று உறுதி செய்யக் கூடாது. அறை எண்ணை மற்றவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லக் கூடாது, அட்டையில் எழுதி நீட்ட வேண்டும். போன முறை கேட்ட தலையணையை, ஆகாத உணவைக் குறித்து வைத்து அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்தத் தொழிலில் தேர்ந்தவர்களுக்கு லே க்ளே தோர் என்றொரு அமைப்பு இருக்கிறது. 1929இல் பாரிசில் தொடங்கி, 1952இல் நாடுகளைத் தாண்டிய சங்கமாக வளர்ந்தது. அதன் உறுப்பினர்களின் கோட்டுக் காலரில் குறுக்காக வைத்த இரண்டு தங்கச் சாவிகள் இருக்கும். பணம் கட்டிச் சேர்ந்துவிட முடியாது. ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் பல வருட அனுபவமும் ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்களின் சிபாரிசும் வேண்டும்.

"படிக்க வைத்துப் பெட்டி தூக்க அனுப்புவதா" என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். சீசர் ரிட்ஸ் 1850இல் சுவிட்சர்லாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர். பாரிசில் வெயிட்டராக இருந்து, சாப்பிட வந்த பெரிய மனிதர்களின் விருப்பு வெறுப்பைக் கூர்ந்து கற்றுக்கொண்டார். 1898இல் அதே பாரிசில் தன் பெயரிலேயே ஓட்டல் திறந்தார். எல்லாரும் ரிட்ஸ் ஆகிவிட மாட்டார்கள்தான். ஆனால் பரிமாறும் வேலை கேவலம் என்று அவள் காதுபட இனி யாரும் பேச விடாதீர்கள்.

பண விஷயத்தில் நான் கண்டிப்பானவள். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். யோசனை சொல்லும் சித்தப்பா தவணை கட்டப் போவதில்லை. அதே மூச்சில் இதையும் சொல்கிறேன்: ஓட்டல் படிப்பு என்று பளபளப்பான விளம்பரம் பார்த்து அங்கேயும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். முதலில் ஒரு வருடம் அவள் முழுநேர வேலை பார்க்கட்டும். இரவு ஷிஃப்டு, பண்டிகை நாள் ஷிஃப்டு, மணிக்கணக்கில் நிற்பது, காரணமில்லாமல் கத்தும் விருந்தினர் எல்லாவற்றையும் அனுபவிக்கட்டும். கூடவே ஒரு வெளிநாட்டு மொழி கற்கட்டும். அதற்குப் பிறகும் இதுதான் வேண்டும் என்றால் படிப்பைத் தேடலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

இன்ஜினியரிங் சீட்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றீர்கள். கட்டாதீர்கள். அதற்கு முன் அவள் வேலை பார்த்த ஓட்டலுக்கு நீங்கள் இருவரும் ஒருமுறை போய், அந்த மேனேஜரிடம் பயிற்சி இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.