பழைய சாகசம், புதிய விதிகள்

கேள்வி: கதைமாந்தர்களாக நடித்துப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் முதல் பதிப்புக்காக எழுதப்பட்ட சாகசம் (ஆடுவதற்கான ஆயத்தக் கதை) ஒன்றை, 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளில் நடத்த விரும்புகிறேன். எண்களை மாற்றுவதற்கு வாய்பாடு ஏதேனும் உண்டா?

பதில்: ஆர்மர் கிளாசுக்கு, அதாவது ஒருவரைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணுக்கு, மட்டும் நம்பத்தக்க வாய்பாடு உண்டு. முதல் பதிப்பில் அந்த எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது. ஆகவே பழைய எண்ணை 20-இலிருந்து கழித்தால் போதும். காப்ளின் என்னும் குட்டி அரக்கனின் பழைய 6 இவ்வாறு 14 ஆகும். ஐந்தாம் பதிப்பு அதற்குத் தருவது 15.

இந்த எளிமையை நம்பி மற்ற எண்களிலும் கை வைத்தால் ஆட்டம் கெட்டுவிடும். 1977-இல் வந்த முதல் பதிப்பின் அரக்கர் நூலில், மிக முதிர்ந்த சிவப்பு டிராகனின் ஆர்மர் கிளாஸ் -1. அது எவ்வளவு அடி தாங்கும் என்று காட்டும் ஹிட் பாயிண்ட் அதிகபட்சம் 88. கழித்தால் கிடைக்கும் 21, ஐந்தாம் பதிப்பின் 22-க்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் பதிப்பில் அதன் ஹிட் பாயிண்டோ 546! ஐந்தாம் பதிப்பில் 20 லெவல் ஏறினாலும், தேர்ச்சிக்காகப் பகடை எண்ணோடு கூட்டப்படும் ப்ரொஃபிஷியன்சி போனஸ் +2-இலிருந்து +6 வரை மட்டுமே உயர்வதால், வீரர்களின் வளர்ச்சி பெரிதும் அடியின் வலுவிலும் ஹிட் பாயிண்டிலுமே தெரிகிறது; 88 புள்ளிகளோடு நிற்கும் டிராகன் அவர்கள்முன் நெடுநேரம் தாங்காது. எனவே புதிய நூலிலும் உள்ள உயிரினங்களை அதிலிருந்தே முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். சாகசத்துக்கென்றே படைக்கப்பட்டவற்றுக்கு, நிகரான வலிமையுள்ள ஒன்றைத் தேர்ந்து பெயரையும் தோற்றத்தையும் மாற்றுவதே கணக்குப் போடுவதைவிட நல்லது என்பது என் கருத்து.

ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடையான சேவிங் த்ரோவில் அதிகச் சிக்கல் இல்லை. பழைய ஐந்து வகைகளுக்குப் பதில் இப்போது ஆறு திறன்கள் இருக்கின்றன. நஞ்சுக்குக் கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி), டிராகனின் மூச்சுக்குப் பெரும்பாலும் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு).

உண்மையில் யோசிக்க வேண்டியது அந்த நஞ்சின் விளைவைப் பற்றித்தான். பழைய ராட்சதச் சிலந்தி கடித்து, பகடையும் கைவிட்டால் வீரர் இறந்துவிடுவார். புதிய சிலந்தியின் நஞ்சு சராசரியாக 9 ஹிட் பாயிண்டுகளையே குறைக்கும். அந்த உடனடி மரணத்தை மீண்டும் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஆசிரியர் வேண்டியது அச்சம் என்றால், வலையில் சுற்றப்பட்ட உடல் ஒன்றை வாசலிலேயே வீரர்கள் காணும்படி வைத்துவிட்டு, விதியைப் புதியதாகவே விட்டுவிடலாம்.

புதையலையும் அவசியம் திருத்துங்கள். முதல் பதிப்பில் மீட்டுவந்த பொற்காசு ஒவ்வொன்றும் லெவல் உயர்வதற்கான ஓர் எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் என்பதாலேயே பழைய சாகசங்களில் பொன் அவ்வளவு தாராளமாகக் கிடக்கிறது. ஐந்தாம் பதிப்பில் அந்தத் தொடர்பு இல்லை; பொன்னைப் பெருமளவு குறைத்துவிட்டு, கதையின் முக்கியக் கட்டங்களைக் கடக்கும்போது லெவல் உயரும்படி செய்யுங்கள். பழைய +5 வாளையும் (தாக்கும் பகடைக்கும் அடிக்கும் 5 கூட்டும் மந்திர வாள்) +3 ஆக்கிவிடுங்கள், ஏனெனில் புதிய பதிப்பின் பொதுவான மந்திர ஆயுதங்களுக்கு அதுவே உச்ச அளவு.