பார்க்காத பி.பி.யை எழுதும் சீனியர், சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஏஜென்சி: என்ன செய்வது?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் அசிஸ்டண்டாக இருக்கிறேன். ஏஜென்சி மூலமாகச் சேர்ந்தேன். என் வார்டில் இருக்கும் சீனியர் அக்கா, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கக் கூப்பிட்டால் வருவதில்லை. பி.பி. பார்க்காமலேயே பார்த்ததாக எழுதிவிடுகிறார். கேட்டால், நான்தான் வேலை செய்வதில்லை என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்கிறார். நைட் ட்யூட்டியில் ஊசி மருந்தைக் கையில் கொடுத்து "போட்டுட்டு வா" என்கிறார். ஏஜென்சியில் சொன்னேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, இல்லாட்டி வேற இடம் போட்டுத் தர்றோம்" என்று சொல்லி அதற்குப் பணம் கேட்கிறார்கள். என் ஒரிஜினல் சர்டிபிகேட் அவர்களிடம் இருக்கிறது. சங்கத்து ஆள் என்று ஒருவர், பத்தாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். புகார் கொடுக்கவா, வேலையை விடவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்தப் பத்தாயிரத்தையும் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அந்த அக்காவின் குணம் ஒன்று. நோயாளிக்கு நடக்க வேண்டிய வேலை நடக்காமல் இருப்பது இன்னொன்று. உங்களுக்கும் ஏஜென்சிக்கும் உள்ள விவகாரம் மூன்றாவது. குணத்தைப் பற்றிப் புகார் கொடுத்தால் எந்த மருத்துவமனையும் அதை "ரெண்டு பொம்பளைங்க சண்டை" என்று ஓரமாக வைத்துவிடும். பல வார்டுகளில் இதுதான் நடக்கிறது. நோயாளிக்கு நடக்காமல் போன வேலையைப் பற்றிச் சொன்னால் அப்படி ஒதுக்க முடியாது. ஆகவே அந்த அக்காவின் பெயரையே எடுக்காமல் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, "அவங்க கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க சிஸ்டர்" என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "சிஸ்டர், 14ஆம் பெட் நோயாளியை ராத்திரி 2 மணிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. துணைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2.40க்குத்தான் திருப்ப முடிந்தது. இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை." அழுத்தியும் மறையாத சிவப்பு என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று எந்த சிஸ்டருக்கும் தெரியும். இதைக் கேட்ட பிறகு, யார் வரவில்லை என்று அவரே கேட்பார். அப்போது பெயரைச் சொன்னால் போதும்.

ஒன்றை மனதில் வையுங்கள். எழுந்திருக்க முடியாத நோயாளியை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். கனமான ஆளைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒரு வார்டு முழுவதற்கும் ராத்திரியில் இரண்டே அசிஸ்டண்டுகளைப் போட்டுவிட்டு, ஒருவர் டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொருவர் எப்படி ஓடி வருவார்? அந்த அக்கா சோம்பேறியாகவே இருக்கலாம், நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இருபது வருடம் இப்படி ஆள் பற்றாத வார்டுகளில் முதுகு ஒடிய வேலை செய்தவர்களில் பலர் கடைசியில் இப்படித்தான் ஆகிறார்கள். ஆள் போடாமல் மிச்சம் பிடித்தது நிர்வாகம். அடித்துக்கொள்வதோ நீங்கள் இரண்டு பேர். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ட்யூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவரைக் கவுண்டரில் நின்று வாயால் வாங்காதீர்கள். பத்து நிமிடம் முன்னால் போய், "வாங்கக்கா, ஒரு சுற்று பார்த்துட்டு நீங்க கிளம்புங்க" என்று கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் போங்கள். யூரின் பேக்கில் எவ்வளவு இருக்கிறது, ஊசி ஏற்றும் இடம் வீங்கியிருக்கிறதா, முதுகுத் தோல் எப்படி இருக்கிறது, விரிப்பு ஈரமா என்று இருவருமாகப் பார்த்துவிடுங்கள். முதல் சில நாள் முறைப்பார். ஆனால் காலையில் நீங்கள் வந்து நேரில் பார்ப்பீர்கள் என்று தெரிந்தால், ராத்திரியில் செய்யாமல் விடுவது குறையும். புகாரை விட இது வேகமாக வேலை செய்யும்.

அடுத்து சார்ட். வார்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே பி.பி., ஒரே பல்ஸ் எழுதியிருந்தால் படிக்கிற டாக்டருக்கே அது பொய் என்று தெரிந்துவிடும். அந்த அக்கா எழுதியதைத் திருத்த நீங்கள் போகாதீர்கள். உங்கள் ட்யூட்டியில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதி, நேரம் போட்டு, சுருக்கொப்பம் (இனிஷியல்) போடுங்கள். அவருக்காகவும் போட்டுவிடச் சொன்னால், "நான் பார்க்கலக்கா, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் வாதாட வேண்டாம். உங்கள் எழுத்தில் தப்பு வந்தால் ஒரே கோடு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பமும் நேரமும் போடுங்கள். ஒயிட்னர் தொடவே கூடாது. பிறகு விசாரணை வந்தால், வெள்ளை பூசிய இடத்தைத்தான் முதலில் காட்டிக் கேட்பார்கள்.

சாட்சிக்காகச் சார்ட்டைப் போட்டோ எடுப்பதும், அந்த அக்கா தூங்குவதை வீடியோ எடுப்பதும் வேண்டாம். நோயாளியின் விவரம் உங்கள் போனில் இருந்தால் அதைக் காரணம் காட்டி முதலில் உங்களைத்தான் வெளியே அனுப்புவார்கள். வீட்டில் ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், பெட் நம்பர், என்ன நடந்தது, யாரிடம் சொன்னீர்கள். நோயாளி பெயர் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமையாகப் பேசித் தீர்க்கிற விஷயங்கள். ஊசி மருந்து விஷயம் மட்டும் அப்படியல்ல. அதில் பேச்சுவார்த்தை கிடையாது, முதலில் அக்காவிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கும் கட்டமும் கிடையாது. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே, ட்யூட்டி ஸ்டாஃப் நர்ஸிடம் போய் "நான் போட மாட்டேன் சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். இதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டிக்கொள்கிற பெண்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு பெறுகிறார்கள். உங்கள் சான்றிதழுக்கு அந்தப் பதிவு கிடையாது. ஒரே நிற யூனிஃபார்ம் கொடுத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் எல்லாரையும் "சிஸ்டர்" என்று கூப்பிடும்படி மருத்துவமனை விட்டுவிடும். ஆனால் வழக்கு என்று வந்தால், "இவர் நர்ஸ் இல்லை, இவரை ஊசி போடச் சொல்லவில்லை" என்று அதே மருத்துவமனை எழுதிக் கொடுக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்த தவறு என்றால் 2 ஆண்டு வரைதான். அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. குறைந்த சம்பளம் வாங்குகிற நீங்கள் கூடுதல் தண்டனைக்கு ஆளாகிற நிலை.

"எல்லாரும் போடுறாங்க", "சிஸ்டர் ஏற்கெனவே சிரிஞ்சில் ஏற்றிட்டாங்க, நீ தள்ளினா போதும்" என்பார்கள். ஏற்றியது யாராக இருந்தாலும், தள்ளியது உங்கள் கை. இன்சுலினும் ஊசிதான். குளுக்கோஸ் பாட்டில் முடியப் போகிறது, சிஸ்டர் அடுத்த வார்டில் இருக்கிறார் என்றால், உடனே அவரைக் கூப்பிடுங்கள். புதுப் பாட்டிலை நீங்கள் மாட்டாதீர்கள். சிஸ்டர் பக்கத்தில் நின்று மாத்திரை கொடுக்கும்போது தண்ணீர் கொடுத்து உதவலாம், தலையைத் தூக்கிப் பிடிக்கலாம். மாத்திரைக் கப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டால் அதை வாங்காதீர்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு ஊற்றுவதற்கு, பயிற்சி பெற்ற அசிஸ்டண்டைச் சில இடங்களில் விடுகிறார்கள். அப்படியானால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று நர்ஸ் பார்த்துச் சொன்ன பிறகே ஊற்றுங்கள். நீங்கள் மறுத்து, அதற்காக யாராவது திட்டினால், மறுநாள் காலையிலேயே நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

இனி ஏஜென்சி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது அந்த அக்கா அல்ல, இவர்கள்தான். வார்டில் நடப்பதை நீங்கள் அவர்களிடம் சொன்னதே வேண்டாத வேலை. உங்களுக்கும் அந்த அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏஜென்சிக்கு வருமானம். உங்களை வேறு இடத்தில் "போட்டு" ஒரு தொகை, உங்கள் இடத்துக்கு இன்னொரு பெண்ணை அனுப்பி இன்னொரு தொகை. சண்டை தீர்ந்தால் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இடம் மாற்றுவதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புது இடத்திலும் இதே மாதிரி ஒரு அக்கா இருப்பார், ஏஜென்சி மறுபடி பணம் கேட்கும்.

சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. படிப்புச் சான்றிதழ் படித்தவரின் சொத்து, பணத்துக்காக அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கல்லூரிகளின் வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, பதில் வராவிட்டால் அதுவே சான்று. அப்புறம் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அங்கிருந்து ஒரு நோட்டீஸ் போனாலே, பல ஏஜென்சிகள் சர்டிபிகேட்டைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடும்.

சேரும்போது வெற்றுத் தாளிலோ ஸ்டாம்ப் பேப்பரிலோ கையெழுத்து வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள். அது நாளைக்கு நீங்களே எழுதிக் கொடுத்த ராஜினாமாவாக வரும். அப்படி வாங்கியிருந்தால் சட்டப் பணி வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இனிமேல் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப்.புக்காக உங்களுக்குக் கொடுத்திருக்கும் எண்) வைத்துப் பாஸ்புக்கில் மாதாமாதம் ஏறுகிறதா என்று சரிபாருங்கள். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கிற ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் மருத்துவமனை "நீங்கள் எங்கள் ஸ்டாஃப் இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் கட்ட வேண்டியது வேலை வாங்குகிற இடம். சம்பளத்துக்கும் அப்படித்தான். சட்டம் தெளிவாக இருக்கிறது. இதைப் போய்ப் பார்க்க வேண்டிய அலுவலகங்கள்தான் யாராவது எழுதிக் கொடுக்கிற வரை நகருவதில்லை. அதனால் எழுதிக் கொடுங்கள்.

பத்தாயிரம் கேட்கிற ஆளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிவு பெற்ற சங்கம் சந்தா வாங்கும், ரசீது கொடுக்கும், பதிவு எண் சொல்லும். வேலையை "முடித்துத் தருகிறேன்" என்று தொகை பேசுகிறவர் பெரும்பாலும் ஏஜென்சிக்கோ ஹெச்.ஆருக்கோ தெரிந்த ஆளாகத்தான் இருப்பார். உங்களிடம் வாங்கிய பணத்தோடு நீங்கள் சொன்ன ரகசியமும் அங்கே போய்ச் சேரும்.

வேலையை விடுவதானால் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் சர்டிபிகேட் கைக்கு வரட்டும். இரண்டு வருட அனுபவக் கடிதத்தை மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் கேளுங்கள், ஏஜென்சி கடிதத்துக்கு வேறு இடத்தில் மதிப்பில்லை. புது வேலை உறுதியான பிறகு ராஜினாமாவை உங்கள் கையெழுத்திலேயே எழுதி, தேதி போட்டு, நகலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அக்காவைப் பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம். முதலில் நாளைக் காலை ட்யூட்டிக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் அந்த ஒரு சுற்றைத் தொடங்குங்கள். சர்டிபிகேட் கேட்கும் மெசேஜை இன்று இரவே அனுப்பிவிடுங்கள்.