எங்களுக்கு வரலைன்னு சொல்லி பக் ரிப்போர்ட்டை மூடிட்டாங்களே!

கேள்வி: ஒரு ஓப்பன் சோர்ஸ் டிராயிங் சாஃப்ட்வேர்ல சேவ் பண்ணி வச்ச படத்தைத் திரும்பத் திறந்தா கோடெல்லாம் இடம் மாறிக் கிடக்குது. ரிப்போர்ட் போட்டேன். "எங்களுக்கு வரலை"ன்னு மூடிட்டாங்க. நான் பொய்யா சொல்றேன்?

பதில்: உங்களை நம்பாம மூடலைங்க. தன் மெஷின்ல வராத பக்கை ஒரு டெவலப்பர் எப்படித் தேடுவார், குத்துமதிப்பா எதையோ மாத்தினாலும் சரியாச்சா இல்லையான்னு எதை வச்சுப் பார்ப்பார்? அதனால "வரலை"ன்னு சொன்னா, உங்க மெஷினுக்கும் அவங்க மெஷினுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்கறாங்கன்னு எடுத்துக்கோங்க. அந்த வித்தியாசத்தைப் பிடிக்கறதுதான் மொத்த வேலையில பெரிய பாதி, அதை உங்களாலதான் செய்ய முடியும்.

நீங்க சொல்ற அடையாளத்துக்கு நான் முதல்ல பார்க்கறது லொக்கேல் செட்டிங், அதாவது எந்த நாட்டு, எந்த மொழி வழக்கப்படி எண், தேதியெல்லாம் எழுதணும்னு கம்ப்யூட்டர்ல வச்சிருக்கற செட்டிங். ஜெர்மன், பிரெஞ்சு செட்டிங்ல ஒன்றரையை 1.5-னு எழுத மாட்டாங்க, 1,5-னு கமா போட்டு எழுதுவாங்க. சி மொழியில எண்ணைப் படிக்கற ஃபங்க்ஷன்கள் இந்த செட்டிங்கைப் பார்த்துதான் நடக்கும், ஃபைல்ல 1.5-னு இருந்தா 1-ஐ மட்டும் எடுத்துக்கிட்டு புள்ளியிலயே நின்னுடும், எர்ரரும் வராது ஒண்ணும் வராது, ஒவ்வொரு எண்ணுலயும் தசமப் பகுதி காணாமப் போய் படம் கலைஞ்சிடும். புரோகிராம் எழுதினவர் லொக்கேலைத் தொட்டே இருக்க மாட்டார், ஜிடிகே (விண்டோ, பட்டன் எல்லாம் வரைய உதவற ரெடிமேட் கோடு) மாதிரி லைப்ரரி ஸ்டார்ட் ஆகும்போது தானா அதை செட் பண்ணிடும். அவர் இங்கிலீஷ் செட்டிங்ல இருந்தா ஆயுசுக்கும் இந்த பக்கைப் பார்க்க மாட்டார். டெர்மினல்ல எல்சி ஆல் (LC_ALL) வேரியபிளுக்கு சி (C)-ங்கிற மதிப்பைக் கொடுத்து அந்த புரோகிராமை ஓட்டிப் பாருங்க. படம் ஒழுங்கா வந்தா ஆளு மாட்டிக்கிச்சு.

அது இல்லைன்னா அடுத்தடுத்து பாருங்க, ஆனா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க: புதுசா ஒரு யூசர் புரொஃபைல், பிளகின் எல்லாம் ஆஃப் (லிப்ரே ஆபீஸ்ல சேஃப் மோடுன்னே இருக்கு, ஃபயர்பாக்ஸ்ல டிரபிள்ஷூட் மோடு), அப்புறம் டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்பு) கொடுத்த பேக்கேஜுக்குப் பதிலா, சாஃப்ட்வேரை எழுதற புராஜெக்ட்டே வெளியிட்ட பில்டு. இதுல கடைசியை நிறைய பேர் விட்டுடறாங்க, டிஸ்ட்ரோக்காரங்க தங்க பங்குக்கு பேட்ச் போட்டு கோடை மாத்தியிருப்பாங்க, அதுலயே பக் இருக்கலாம்.

கேள்வி: பக் வர்ற ஃபைல் ரொம்பப் பெருசு, உள்ள ஆபீஸ் விஷயமும் இருக்கு, அனுப்ப முடியாது. என்ன பண்றது?

பதில்: பாதியை வெட்டுங்க. பக் இன்னும் வருதா? மறுபடி வெட்டுங்க. வரலைன்னா அந்தப் பாதியைத் திரும்பப் போட்டுட்டு இன்னொரு பாதியை எடுங்க. மொசில்லா பிரவுசர்ல ஒரு பக்கத்தை பிரிண்ட் கொடுத்தா கிராஷ் ஆகற பக் ஒண்ணு இருந்துச்சு, ஆண்ட்ரியாஸ் செல்லர்ங்கிற ஆராய்ச்சியாளர் இந்த வெட்டற வேலையை தானா செய்யற முறையை வச்சு 896 வரி ஹெச்டிஎம்எல்லை ஒரே ஒரு செலக்ட் டேக் வரைக்கும் குறைச்சுக் காட்டினார். அந்த ஒரு டேகைப் பார்த்தா புரோகிராம்ல எந்த இடத்துல தேடணும்னு டெவலப்பருக்கு உடனே தெரிஞ்சிடும். குறைக்கக் குறைக்க உங்க ஆபீஸ் விஷயமும் பெரும்பாலும் போயிடும், மிச்சம் இருக்கற பேர், எண்ணையெல்லாம் எக்ஸ் எக்ஸ்னு மாத்திட்டு, பக் இன்னும் வருதான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

கேள்வி: போன வெர்ஷன்ல சரியா இருந்தது இந்த வெர்ஷன்ல உடைஞ்சிருக்கு. எந்த மாற்றத்தாலன்னு கண்டுபிடிக்க நானே முயற்சி பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணலாம், புரோகிராம் கோடு புரியணும்னுகூட இல்லை, அதை பில்டு பண்ண, அதாவது ஓடற புரோகிராமா மாத்தத் தெரிஞ்சா போதும். கோடுல நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட்னு பதிஞ்சு வைக்கற கருவி கிட், அதுல கிட் பைசெக்ட் கட்டளை இதுக்குத்தான் இருக்கு. நல்லா இருந்த வெர்ஷன், கெட்டுப்போன வெர்ஷன் ரெண்டையும் சொன்னா நடுவுல இருக்கற கமிட்டை எடுத்துக் கொடுக்கும், நீங்க பில்டு பண்ணிப் பார்த்துட்டு குட் இல்லைன்னா பேட்னு சொல்லணும், அவ்வளவுதான். நடுவுல 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 தடவையில முடிஞ்சிடும். பில்டே ஆகாத கமிட் வந்தா அவசரத்துல பேட்னு போட்டுடாதீங்க, ஸ்கிப் கொடுங்க. சோதனையை ஒரு ஸ்கிரிப்டா எழுதிட்டா பைசெக்ட் ரன் தானே ஓட்டிக்கும், ஸ்கிரிப்ட் 0 கொடுத்தா நல்லது, 125 கொடுத்தா ஸ்கிப், 1-லேர்ந்து 127 வரைக்கும் மத்ததெல்லாம் கெட்டது. லிப்ரே ஆபீஸ்ல பில்டு பண்ற சிரமமும் வேண்டாம், ஏற்கனவே பில்டு பண்ணின தயார் பைனரிகளையே கிட்ல போட்டு பைபைசெக்ட்னு (bibisect) வச்சிருக்காங்க.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பைசெக்ட் காட்டற கமிட்ல தப்பு இருந்தே ஆகணும்னு இல்லை, ரொம்ப நாளா ஒளிஞ்சிருந்த பழைய தப்பை அது வெளிய கொண்டு வந்ததாவும் இருக்கலாம். அதை எழுதினவரைத் திட்டி ரிப்போர்ட் போடாதீங்க, கமிட் ஐடியைக் கொடுத்து "இதுக்கப்புறம் வருது"ன்னு எழுதுங்க போதும்.

கேள்வி: என் பக் சில நேரம்தான் வருது, புரோகிராமை நிறுத்தி நிறுத்திப் பார்க்கற டிபக்கரை மாட்டினா வரவே மாட்டேங்குது.

பதில்: பெரும்பாலும் த்ரெட் போட்டி (ஒரே நேரத்துல ஓடற ரெண்டு வேலை ஒரே டேட்டாவுல மோதிக்கறது) இல்லைன்னா மெமரித் தப்பு, டிபக்கர் மாட்டினதும் டைமிங் மாறிடுது. இந்த ரெண்டு வகைத் தப்பையும் ஓடும்போதே பிடிக்க த்ரெட் சானிடைசர், அட்ரஸ் சானிடைசர்னு ஜிசிசி, கிளாங் ரெண்டு கம்பைலர்லயும் இருக்கு, ஒண்ணொண்ணா போட்டு தனித்தனியா பில்டு பண்ணுங்க, ரெண்டையும் சேர்த்துப் போட முடியாது. லினக்ஸ்னா மொசில்லாவுல பிறந்த ஆர்ஆர் (rr) கருவியையும் பாருங்க, பக் வந்த ஒரு ஓட்டத்தைப் பதிஞ்சு வச்சுட்டா அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம், பின்னோக்கியும் போகலாம், பக் சீக்கிரம் வரணும்னா த்ரெட்கள் ஓடற வரிசையைக் கலைச்சுப் போடற கேயாஸ் மோடு அதுல இருக்கு. இந்த மாதிரி பக்குக்கு பைசெக்ட் பண்றதா இருந்தா ஒவ்வொரு கமிட்லயும் பல தடவை ஓட்டிட்டுத்தான் குட் சொல்லுங்க, ஒரு தடவை ஏமாந்தாலும் சம்பந்தமே இல்லாத கமிட்ல கொண்டு போய் நிறுத்திடும். கிராஷ் ஆகறதா இருந்தா முதல்ல டிபக் சிம்பல் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிக்கோங்க, இல்லைன்னா பேக்ட்ரேஸ்ல (கிராஷ் ஆனப்போ எந்தெந்த ஃபங்க்ஷன் ஓடிட்டு இருந்ததுன்னு காட்டற பட்டியல்) ஃபங்க்ஷன் பேர் வர்ற இடத்துல வெறும் கேள்விக்குறியாத்தான் இருக்கும்.