நாலு பேர் தங்கும் வாடகை வீட்டில் என்ன வளர்க்கலாம்? – கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நண்பர்களோடு சேர்ந்து வாடகைக்கு இருப்பவர்கள் எழுதியவை. ஊர்ப் பெயரை மட்டும் போட்டுப் பதில் சொல்கிறேன்.

நாங்கள் நாலு பேரும் ஐ.டி. வேலை. ஹஸ்கி குட்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஏசி இருக்கிறது. வாங்கலாமா? – வேளச்சேரி

வேண்டாம். பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்த்தெடுத்த நாய் அது. மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது மதியம் கரண்ட் போனால், வீட்டில் யாரும் இல்லாத அந்த இரண்டு மணி நேரம் போதும், அதன் உயிர் போக. நாய்தான் வேண்டும் என்றால் பகலில் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும், காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போக ஆள் வேண்டும். இரண்டும் உண்டு என்றால் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியைத் தத்தெடுங்கள், இந்த வெயில் அதற்குப் பழக்கம். நம் ஊர் இனம் என்று ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்கிவிடாதீர்கள். ஓட இடமில்லாத பிளாட் அவற்றுக்குச் சிறை.

பச்சைக்கிளி வளர்க்க ஆசை. செலவு எவ்வளவு ஆகும்? – கோவை

வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறை. நட்சத்திர ஆமைக்கு இன்னும் கடுமை. கடையில் விற்கிறார்களே என்று திரும்ப எழுதாதீர்கள். விற்பவர் செய்வதும் குற்றம்தான்.

ஐந்து பேர் காசு போட்டு லாப்ரடார் வாங்கினோம். இப்போது ஒன்றரை வயது. ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்கிறோம், ஆளுக்கு ஒரு ஊர். யாராவது எடுத்துக்கொள்வார்களா? – துரைப்பாக்கம்

ஒவ்வொரு வருடமும், ஒப்பந்தங்கள் முடியும் நேரத்தில், இந்தக் கடிதம் எனக்கு வருகிறது. ஊர் மாறும், நாயின் இனம் மாறும், கேள்வி மாறாது.

வாடகை ஒப்பந்தம் 11 மாதம். லாப்ரடாரின் ஆயுள் 10, 12 வருடம். வாங்கிய அன்றைக்கே இது உங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். என் கிளினிக்குக்கு வரும் இப்படிப்பட்ட நாய்களின் தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்த்தாலே கதை புரிந்துவிடும். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொன்று, அதையும் அடித்துவிட்டு மூன்றாவது, ஓரத்தில் நாலு செல்போன் எண்கள். பூஸ்டர் ஊசிக்கு நினைவூட்டக் கூப்பிட்டால், "நான் அந்த வீட்டில் இல்லை சார், அவனைக் கேளுங்கள்" என்பார்கள். எல்லோருடைய நாயும் கடைசியில் யாருடைய நாயும் இல்லை.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்தத் துணிச்சலில்தான் ஈ.சி.ஆர். ஓரத்தில் காரை நிறுத்தி இறக்கிவிட்டுப் போகிறார்கள். சோபாவில் படுத்து வளர்ந்த நாய்க்குத் தெருவில் சோறு தேடத் தெரியாது. அந்தத் தெரு நாய்களும் அதை உள்ளே விடாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில் உங்கள் ஐந்து பேரின் சொந்த வீடுகளில் கேளுங்கள். ஊரில் தோட்டம், பெற்றோர் என்று ஒருவருக்காவது இருக்கும். இல்லையென்றால் ரேபீஸ் ஊசியும் கருத்தடையும் முடித்துவிட்டு ஆள் தேடுங்கள். கருத்தடை செய்யாமல் கொடுத்தால் குட்டி போட வைத்து விற்பவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். எடுத்துக்கொள்பவரின் வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடியும் போங்கள். ஜூன் வரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு: பிராணி ஒரே ஒருவர் பெயரில் இருக்கட்டும். மாநகராட்சி உரிமம், ஊசிப் புத்தகம் எல்லாம் அவர் பெயரில். வீடு கலையும்போது அவர் கையோடு கூட்டிப்போவார் என்பது முதல் நாளே முடிவாகிவிட வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அறைத் தோழிக்கு வீசிங் உண்டு. பூனையை வாரம் ஒருமுறை குளிப்பாட்டினால் போதுமா? – திருச்சி

போதாது. ஒவ்வாமை தருவது பூனையின் எச்சிலில் இருக்கும் புரதம். அது உடம்பை நக்க நக்க ரோமத்தில் ஒட்டி, காய்ந்து, வீடு முழுக்கப் பறக்கும். தோழிக்கு முடியாது என்றால் அந்த வீட்டில் பூனை இல்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு அசோசியேஷன், நாய் வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. – போரூர்

அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. வீட்டு உரிமையாளரின் ஒப்பந்தம் வேறு விஷயம். கையெழுத்துப் போடும் முன் அவரிடம் சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரேபீஸ் ஊசிச் சான்றிதழின் நகலை அசோசியேஷனிடம் நீங்களே கொடுங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

லவ் பேர்ட்ஸ் கூண்டை சமையலறையில் வைக்கலாமா? – மதுரை

கூடாது. நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்துவிட்டால் வரும் புகையில் பறவைகள் சில நிமிடங்களில் செத்துவிழும். வீட்டில் நாலு பேர் சமைத்தால் யாராவது ஒருவர் ஒருநாள் மறப்பார். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது.

மீன் செத்துக்கொண்டே இருக்கிறது. ஏன்? – சேலம்

என்ன மீன், எத்தனை, தொட்டி எத்தனை லிட்டர், எதுவும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்ட் ஃபிஷ் என்று வைத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் அதுதான். கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்தத் தண்ணீரில் ஏறிக்கொண்டே போய்க் கொன்றுவிடும். கோல்ட் ஃபிஷ்ஷை விட்டுவிட்டு 20 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன் வையுங்கள், சின்ன ஃபில்டரோடு. வாரம் கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள்; குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள். சாப்பாடு போடுவது ஒருவர் மட்டும். நாலு பேரும் ஆசைக்குப் போட்டால் தண்ணீர் கெடும்.

நண்பர் வளர்க்கும் நாய் விளையாட்டாகக் கடித்தது. லேசான கீறல்தான். ஊசி போட்டதா என்று அவருக்கே நினைவில்லை. – தாம்பரம்

இதைக் கடிதத்தில் கேட்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். சொல்லும் தேதிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

ஒரே கூண்டில் இரண்டு ஹாம்ஸ்டர்? – ஈரோடு

சிரியன் ஹாம்ஸ்டர் என்றால் கூண்டுக்கு ஒன்றுதான். இரண்டு விட்டால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறும். ராத்திரி முழுக்கச் சக்கரம் சுற்றும் பிராணி, அதனால் அதிகாலை ஷிஃப்ட் போகிறவரின் அறையில் வைக்காதீர்கள்.