ஊடலுக்குப் பின் திரும்பி வருதல்: உறவின் உளவியல் குறித்த கேள்வி பதில்

உறவில் நெருக்கமும் விலகலும் குறித்து வந்த கேள்விகளில் ஆறினை மட்டும் எடுத்துக்கொண்டு மறுமொழி தருகிறேன். கேட்டவர்களின் தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: வாக்குவாதம் சற்று முற்றினாலே என் கணவர் வாயை மூடிக்கொள்கிறார். சுவரிடம் பேசுவதுபோல் இருக்கிறது. அவருக்கு என்மீது அக்கறையே இல்லை என்று எடுத்துக்கொள்வதா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட வேண்டாம். உளவியலாளர்கள் ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும் தம்பதியரின் உடலில் கருவிகளைப் பொருத்தி, அவர்களுக்குள் தீராத ஒரு பிரச்சினையைப் பேசவிட்டு, இதயத் துடிப்பையும் வியர்வையையும் பதிவு செய்தார்கள். வெளியே கல்லாக அமர்ந்திருந்த பலருக்கு உள்ளே பெரும் கொந்தளிப்பு இருந்தது. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனத்தில் ஏறுவதில்லை. உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அது தணியக் குறைந்தது 20 நிமிடங்களாவது ஆகும் என்பதால், இடைவெளி எடுப்பதில் தவறில்லை. ஆனால் சொல்லாமல் எழுந்து போவதும், "இப்போது என்னால் முடியவில்லை, அரை மணி நேரத்தில் வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதும் ஒன்றல்ல. இடைவெளி கேட்டவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் அடுத்து எப்படித் திருப்பிக் கேட்பது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. நாட்கணக்கில் பேசாமல் இருந்து தண்டிப்பது வேறு வகை. உங்கள் கணவர் எந்த வகை என்பதை அவர் மௌனமாகும் விதத்தை வைத்து அறிய முடியாது. திரும்பி வருகிறாரா என்பதைப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு வினாப்பட்டியலை நிரப்பினேன். எனக்குப் "பதற்றமான பிணைப்பு" என்று முடிவு வந்தது. குழந்தைப் பருவத்தில் உருவானது இனி மாறாதா?

பதில்: மாறும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அச்சம் பாதி குறையும். குழந்தைக்கும் அதைப் பேணுபவருக்கும் இடையிலான பற்றைப் பேசும், ஜான் பௌல்பி வகுத்த பிணைப்புக் கோட்பாட்டின் வழியே மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார். பழக்கமில்லாத அறையில் தாய் குழந்தையைச் சிறிது நேரம் விட்டுச் செல்வார், பிறகு திரும்புவார். குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பியதும் என்ன செய்தது என்பதையே ஐன்ஸ்வொர்த் முக்கியமாகக் கவனித்தார். சில குழந்தைகள் தாயை அணைத்து ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடப் போயின. சில கட்டிக்கொண்டே உதைத்தன; உங்களுக்கு வந்த "பதற்றமான" என்ற பெயர் இவற்றிடமிருந்து வந்தது. சில திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; இவை "விலகும்" வகை. அலட்சியமாகத் தோன்றிய அந்தக் குழந்தைகளின் இதயமும் வேகமாகத் துடித்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

1987இல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் இதே வகைப்பாட்டை வயது வந்தோரின் காதலுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். பிந்தைய ஆய்வாளர்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கருதாமல், பதற்றம், விலகல் என்ற இரண்டு அளவுகோல்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் இடத்தில் இருப்பதாகவே அளக்கிறார்கள். ஆளுக்கு ஆள், உறவுக்கு உறவு அந்த இடம் நகரும். அழைத்தால் திரும்பிப் பார்க்கும் துணையுடன் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களின் பதற்றம் குறையக்கூடும். என்னைக் கேட்டால், இந்தப் பெயர்களால் விளைந்த நன்மையைவிட, "நீ விலகும் வகை, உன்னோடு பேசிப் பயனில்லை" என்று சண்டையில் வீசப்பட்டு விளைந்த தீமையே இப்போது அதிகம்.

கேள்வி: எனக்கு ஏழு மாதக் குழந்தை. சில நேரம் களைப்பில் அவன் சிரித்தாலும் என்னால் திரும்பிச் சிரிக்க முடிவதில்லை. எங்கள் பிணைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்ற குற்றவுணர்வு வாட்டுகிறது.

பதில்: எட்வர்ட் டிரோனிக் 1970களில் செய்த சோதனையைப் படித்துவிட்டு அஞ்சுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தாய் ஓரிரு நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் அமர்ந்திருக்க, குழந்தை சிரித்தும் கைநீட்டியும் அழைத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்ப்பவர் மனத்தை உலுக்கும் காட்சிதான். ஆனால் அதே டிரோனிக், இயல்பான விளையாட்டின்போதுகூடத் தாயும் சேயும் ஒத்திசைந்திருப்பது ஏறத்தாழ 30 விழுக்காட்டு நேரமே என்றும் கண்டறிந்தார். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் சரிசெய்வதுமாகவே கழிகிறது. குழந்தை அதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. தவறவிட்ட சிரிப்புக்குப் பத்து நிமிடம் கழித்துச் சிரித்தாலும் கணக்கு நேராகும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால், அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு.

கேள்வி: என் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமா?

பதில்: ஆம். தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குடிக்கவே முடியாத பானத்தைச் சுவைத்துவிட்டு முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கும்படி சிலரிடம் சொல்லப்பட்டது. தங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அவர்கள் நம்பிய அளவுக்குப் பார்த்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நமக்குள் உரக்க ஒலிப்பதால் வெளியேயும் கேட்கும் என்று எண்ணிவிடுகிறோம். சொல்லாததைக் கேட்கவில்லை என்று கோபிப்பது, நேர்மையாகச் சொன்னால், நியாயமல்ல.

கேள்வி: துன்பத்தில் உடனிருக்கும் என் மனைவி, நான் நல்ல செய்தி சொன்னால் மட்டும் "சரி" என்று நகர்ந்துவிடுகிறார். இதைப் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை. ஷெல்லி கேபிளின் ஆய்வுகள், நல்ல செய்திக்குக் கிடைக்கும் ஆர்வமான எதிர்வினைக்கும் உறவின் நிறைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டின. "எப்படி நடந்தது, முழுவதும் சொல்லுங்கள்" என்பதே அவர் சொல்ல வேண்டியது. அதை அவரிடம் கேட்டுப் பெறலாம்.

கேள்வி: அவர் அடிப்பார், மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பார், மிகுந்த அன்பாக இருப்பார். சண்டைக்குப் பின் திரும்பி வருவதே முக்கியம் என்று முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். இதுவும் அதுதானா?

பதில்: இல்லை, அம்மா. நான் எழுதியது அச்சமில்லாத இருவருக்கிடையிலான ஊடலைப் பற்றி. பதற்றம் ஏறுவது, அடி, பிறகு வருத்தமும் அன்பும் என்ற சுழற்சியை உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இலேயே விவரித்திருக்கிறார். அந்த அன்பு பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் அது அடுத்த அடியைத் தடுப்பதில்லை. உங்கள் பொறுமையோ பேச்சுத் திறனோ இதைச் சரிசெய்யும் என்று எண்ண வேண்டாம், இது உங்களால் நேர்ந்ததும் அல்ல. இருவருமாக ஆலோசனைக்குச் செல்வதை இப்போது தவிர்த்துவிடுங்கள். அங்கே உண்மையைச் சொன்னால் வீட்டில் அதற்கு விலை கொடுக்க நேரிடலாம். முதலில் தனியாக, நம்பகமான ஒருவரிடமும் குடும்ப வன்முறைக்கான உதவி அமைப்பிடமும் பேசுங்கள். எங்கே போவது, எதை எடுத்துக்கொள்வது, யாரை அழைப்பது என்பதை அவர் அன்பாக இருக்கும் நாளிலேயே முடிவு செய்து வையுங்கள்.