மலேரியா நுளம்பின் குடம்பிகள் எந்தப் பருவத்தில், எங்கே பெருகுகின்றன?

மட்டக்களப்பில் மாரி மழைக்காலத்தில்தானே மலேரியா நுளம்பின் குடம்பிகள் (நீரில் வாழும் இளம் புழுக்கள்) பெருக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அதற்கு மாறாகவே நடக்கிறது. இலங்கையில் இந்நோயின் முதன்மைக் காவியான, அதாவது நோயைப் பரப்பும் நுளம்பினமான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ், வெயில் படும் தெளிந்த தேங்குநீரையே நாடுவதால், வடகீழ்ப் பருவமழையில் முந்தனை ஆறு போன்றவை பெருக்கெடுக்கும்போது அதன் குடம்பிகள் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படுகின்றன. மழை ஓய்ந்து, ஆற்றுநீர் வற்றி, மணற்படுக்கையிலும் பாறைக் குழிகளிலும் சிறு குட்டைகளாக எஞ்சும் காலமே அதற்கு வாய்ப்பானது. 1934-35 இல் நாட்டை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய் வறட்சியைத் தொடர்ந்து வந்ததற்கும், ஆறுகள் இவ்வாறு குட்டைகளாய் வற்றியதே முக்கிய காரணம்.

சிறுபோகத்துக்காகக் குளங்களைத் திறக்கும்போது வாய்க்காலோரம் கசிந்து தேங்கும் நீரையும் கவனிக்க வேண்டும். வாவிக்கரைக் கிராமங்களில் எனக்குக் கூடுதல் கவலை தருவது, உவர்நீரிலும் வளரக்கூடிய அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்னும் துணைக்காவி இனம். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டபோதும், இந்நுளம்புகள் இங்கேயேதான் இருக்கின்றன.

குட்டையொன்றைப் பார்க்கும்போது, நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடப்பது அனோபிலிஸ் குடம்பி. தலைகீழாகச் சரிந்து தொங்குவது டெங்கு நுளம்பு போன்ற பிற இனங்களுடையது.